புளி கேட்டவளுக்கு உளி

சோலையம்மாள் கேட்டது புளி. நான் வாங்கி வந்தது உளி.

அவள் அடுப்படியிலிருந்து கத்திச் சொன்னாள். என் காதில் விழுந்தது அவ்வளவுதான். அருப்புக்கோட்டை பஜாரில் இரும்புக்கடைக்காரரும் ஏன் எதற்கென்று கேட்காமல் கொடுத்துவிட்டார். என் மனைவி உளியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதக் கரைச்சுக் கொழம்புல ஊத்தவா?"

விசைத்தறிக் கொட்டகையில் வருஷக்கணக்கில் நின்றவன் காது என்ன ஆகுமோ, அதுதான் என் காதுக்கும் ஆகியிருந்தது. எழுபத்திரண்டாம் வருஷப் பொங்கலிலிருந்தே எனக்குச் சந்தேகம். வீட்டில் மூச்சு விடவில்லை. மற்ற புருஷன்மார் என்றால், பெண்டாட்டி பேச்சு காதில் விழாத இந்த வரத்துக்கு இருக்கன்குடி மாரியம்மனுக்கு மொட்டை போட்டிருப்பார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. சாயங்காலம் அவள் பேசுவதும் நான் 'ம்' கொட்டுவதும்தான் எங்கள் குடும்பம். செவிடனிடம் எதற்கு என்று பேச்சைக் குறைத்துவிட்டால்?

"ரேடியோவப் பிரிக்கணும். அதுக்குத்தான் உளி," என்றேன்.

"உளி வச்சா ரேடியோவப் பிரிப்பாக? நல்லாத்தான பாடுது?"

"முனகுது. ஒனக்குத் தெரியாது."

உளியை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "சரி, பிரிங்க."

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிரித்தேன். கல்யாணமான புதிதில் மதுரையில் வாங்கிய வால்வு ரேடியோ. குமிழைத் திருப்பினால் ஸ்டேஷன் முள்ளை இழுத்துப் போகும் நூல் ஒன்று, உள்ளே சின்னச் சின்னச் சக்கரங்களைச் சுற்றி ஓடியது. உளி பட்டதும் அறுந்தது. அதைப் பிடித்திருந்த ஸ்பிரிங் துள்ளித் தண்ணீர்க் குடத்தில் விழுந்தது.

நூல்தானே! என் பிழைப்பே நூல். குடத்தில் கைவிட்டு ஸ்பிரிங்கை எடுத்து மாட்டி, தறி நூலை முறுக்கி, மெழுகு தேய்த்துச் சுற்றினேன். குமிழை வலப்பக்கம் திருப்பினால் முள் இடப்பக்கம் போனது. பிரித்துச் சுற்றினேன். முள் நகரவே இல்லை. கடைசியில் சோலையம்மாள் முடிச்சின்மேல் விரலை வைத்து அழுத்திக்கொள்ள, நான் இழுத்துக் கட்டினேன். திருச்சிக்குப் போகச் சொன்னால் முள் திருச்சிக்கே போனது.

அவள் பிளக்கைச் செருகிச் சுவிட்சுக் குமிழைத் திருகினாள். டயல் விளக்கு எரிந்தது. அவள் தலை லேசாக ஆடியது. உதடு பாட்டை முணுமுணுத்தது. நானும் தொடையில் தாளம் போட்டேன்.

"எப்பிடி இருக்கு?" என்றாள்.

"பிரமாதம்! நாயனம் என்னமாக் கொழையுது!"

சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"நான் இன்னும் சத்தமே வைக்கலைங்க."

தொடையில் இருந்த கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"எப்ப இருந்து?" என்றாள்.

"பொங்கல்ல இருந்து."

"எனக்கு அதுக்கு முந்துன தீவாளியிலயே தெரியும். வாசல்ல வெடிச்ச வெடிக்குத் தெருவே திரும்புச்சு. நீங்க பாட்டுக்கு வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டு இருந்தீக."

"அப்பயே கேட்டிருக்கலாமுல்ல?"

"நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன். ஒதட்டப் பாத்தா ஒங்களுக்குப் புரியுது. அதான் தெனமும் எதுக்க வந்து ஒக்காந்து பேசுறேன்."

இந்த வயதிலும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க அவளுக்கு ஆசை என்றல்லவா நான் நினைத்திருந்தேன்!