மகிழ்ச்சி அலுவலரின் வயிறு

மனிதனை விலங்கிலிருந்து பிரித்து உயர்த்துவது மொழியல்ல, நெருப்பல்ல, சக்கரமும் அல்ல. கூட்டம். விலங்குகளும் கூடும்தான், ஆனால் கூடிய விவரத்தை உரியவர்களின் பார்வைக்கு அனுப்பி வைக்கத் தெரியாதவை. இதைச் சந்தேகிக்கிறவர்கள், லிஃப்ட் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவு ஒரு முயலின் வயிற்றுக்காக எப்படி அயராமல் கூடியது என்று அறிந்தால் திருந்திவிடுவார்கள்.

புகார்ப் பிரிவில் மனநிம்மதி குறைவு. பாதியில் நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து பேசுகிறவர்கள் பொதுவாக வாழ்த்துச் சொல்வதில்லை. என்ன வேண்டும் என்று நிர்வாகம் கேட்டபோது, இன்னும் சில ஆட்கள் வேண்டும் என்றார்கள் ஊழியர்கள். நிர்வாகம் ஆழ்ந்து பரிசீலித்து, ஒரு முயலை வாங்கிக் கொடுத்தது. வெள்ளை முயல், ஒரு காது மட்டும் சாம்பல் நிறம். பதவியின் பெயர் 'மகிழ்ச்சி அலுவலர்'. கண்ணைத் திறந்தபடியே கூட்டங்களில் தூங்கும் ஆற்றல் அதற்கு இருந்ததால், 'சின்ன சார்' என்று எல்லோரும் அழைத்தார்கள். அதுவரை அந்தப் பட்டம் துணை மேலாளரிடம் இருந்தது.

அவர் வருத்தப்படவில்லை. பக்குவமான மனிதர். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து மேலாளரின் எந்தப் பேச்சையும் மறுத்ததில்லை. மேலாளர் "இல்லையா?" என்று முடிக்கும் வாக்கியங்களுக்கு மட்டும், 'ஆமாம்' சொல்வதா 'இல்லை' சொல்வதா என்று சற்றே தடுமாறுவார். முயலைப் பராமரிக்கும் பொறுப்பு இயல்பாகவே அவரிடம் வந்தது. அவர் மேசைக்குப் பக்கத்தில், காகிதம் கிழிக்கும் இயந்திரம் இருந்த இடத்தில், கூண்டு வந்து உட்கார்ந்தது.

ஒரு நாள் முயல் சாப்பிடவில்லை. மூலையில் உடம்பைச் சுருட்டிக்கொண்டு பல்லை நறநறத்தது. கூண்டின் அடித்தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. துணை மேலாளர் அதைத் துண்டில் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்த அம்மாள் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"குடல் நின்னுபோச்சு. என்ன சாப்பிடுது?"

"புல்லு டாக்டர். கீரை."

"அப்புறம்?"

துணை மேலாளர் சுவரில் மாட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்த்தார். "எப்பவாவது பிஸ்கட்."

"எப்பவாவதுன்னா?"

"கூட்டம் நடக்கறப்போ மட்டும்."

"கூட்டம் எப்போ நடக்கும்?"

"தினமும்."

மருத்துவர் கையுறையைக் கழற்றினார். "முயலுக்குக் காஞ்ச புல்லுதாங்க சாப்பாடு. மாவும் சர்க்கரையும் போனா குடல் நின்னு, காத்து அடைச்சுக்கும். வாந்தி எடுக்கவும் அதால முடியாது. இப்போதைக்கு மருந்து தர்றேன். ஆனா பிஸ்கட் குடுக்கறவங்ககிட்ட நிறுத்தச் சொல்லுங்க. அதான் வைத்தியம்."

துணை மேலாளருக்கு வியர்த்துவிட்டது. "ஆபரேஷன் மாதிரி சுலபமா எதுவும் இல்லையா டாக்டர்?"

பிஸ்கட் கொடுத்தவர் மேலாளர். தலைமைப் பண்பு பற்றிய பயிற்சி ஒன்றில் 'தலைவன் என்பவன் ஊட்டுபவன்' என்று அவர் கற்றுக்கொண்டு வந்திருந்தார். கூட்டம் தொடங்கும் முன், தட்டிலிருந்து ஒரு க்ரீம் பிஸ்கட்டை எடுத்துத் தன் கையாலேயே முயலுக்கு ஊட்டுவார். எல்லோரும் கைதட்டுவார்கள்.

வீட்டில் துணை மேலாளரின் மனைவி கேட்டாள். "முயலுக்குப் பிஸ்கட் குடுக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல என்னங்க கஷ்டம்?"

"சொல்ற விதம்னு ஒண்ணு இருக்குல்ல."

"எந்த விதத்துலயாவது சொன்னீங்களா?"

"தகுந்த நேரம் பாத்துட்டிருக்கேன்."

"என் தம்பி கல்யாணத்துக்கு லீவு கேக்கவும் இப்படித்தான் நேரம் பாத்தீங்க. அவனுக்கு இப்போ ரெண்டாவது குழந்தை."

சுருக்கென்று தைத்தது. மறுநாள் துணிந்துவிட்டார். மேலாளர் அறைக்குள் போய், "சின்ன சாருக்குச் செரிமானம் சரியில்ல சார். உணவு முறையைக் கொஞ்சம் மறுபரிசீலனை பண்ணினா நல்லதுன்னு டாக்டர் அபிப்பிராயப்படறாங்க" என்றார்.

மேலாளர் கலங்கிப்போனார். "உடனே கூட்டம் போடுங்க."

இவ்வாறு 'குடல் இயக்க மேம்பாட்டுக் குழு' உதயமானது. பாதிக்கப்பட்டவர் இல்லாமல் அவரைப் பற்றி முடிவெடுப்பது நல்ல நிர்வாகமல்ல என்பதால், முயலை மேசை நடுவில் உட்கார வைத்தார்கள். "பாவம், இளைச்சுப்போச்சு" என்று மேலாளர் அன்று கூடுதலாக ஒரு பிஸ்கட் ஊட்டினார்.

"வேலை அழுத்தமா இருக்கலாம் சார்" என்றார் மனிதவளத்துறை அம்மையார். "நம்ம ஆளுங்க சோகத்தை எல்லாம் அதுகிட்டதானே கொட்டறாங்க."

"அப்போ அதுக்கு ஒரு முயல் வாங்கிக் குடுத்தா என்ன?"

"முயலுக்கா சார்?" என்று கேட்டார் கணக்காளர்.

"ஏன், அதுக்கு மனசு இல்லையா?"

துணை மேலாளர் எழுந்தார். "சார், டாக்டர் என்ன சொன்னாங்கன்னா..."

"டாக்டரையும் குழுவுல சேத்துக்கலாம்னு சொல்றீங்க. அருமையான யோசனை. உக்காருங்க."

உட்கார்ந்தார். அந்த வாரமே முயலின் குடல் மறுபடி நின்றது. அவசரக் கூட்டம் கூடியது. நோய் வந்தால் கூட்டம், கூட்டம் வந்தால் பிஸ்கட், பிஸ்கட் வந்தால் நோய். ஒன்றையொன்று இவ்வளவு உறுதியாகத் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு நிர்வாக வரலாற்றில் அபூர்வம்.

கூட்டம் இல்லாத வேளைகளில் துணை மேலாளர் மேசைக்கடியில் மண்டியிட்டுக் கிடந்தார். ஊசியில்லாத சிரிஞ்சால் புல் கரைசலைப் புகட்டினார். வயிற்றை மெல்லத் தடவிவிட்டார். ஒவ்வொரு முறையும் தட்டில் முதல் புழுக்கை விழும்போது, பதவி உயர்வு ஆணை வந்தபோதுகூட வராத நீர் அவர் கண்ணில் வந்தது. முயலும் அவர் கால்சட்டை நுனியில் மோவாயைத் தேய்க்கப் பழகியிருந்தது.

மருத்துவருக்குப் பொறுமை தீர்ந்தது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பிழைக்காது. அப்புறம் என்கிட்ட கொண்டு வராதீங்க."

நல்லவேளையாக மேலாளர் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் புறப்பட்டார். கூட்டங்கள் நின்றன. முயல் புல்லைக் கற்றை கற்றையாக மென்றது. தட்டு நிறைந்தது. புழுக்கைகள் பட்டாணி அளவில், உருண்டையாக, பார்க்கவே நிறைவாக இருந்தன. திரும்பி வந்த மேலாளர் பூரித்துப்போனார். "குழுவோட உழைப்பு வீண் போகல" என்று பாராட்டுக் கூட்டத்துக்கு உத்தரவிட்டார்.

பெரிய தட்டு. வழக்கத்தைவிடத் தடித்த க்ரீம் பிஸ்கட். மேசை நடுவில் முயல். மேலாளரின் கை நீண்டது. முயலின் மூக்கு துடித்தது. துணை மேலாளர் எழுந்தார்.

"சார்."

"சொல்லுங்க."

சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. 'குடுக்காதீங்க.' பிஸ்கட்டுக்கும் முயலுக்கும் நடுவே நூலிடைதான் மிச்சம். துணை மேலாளர் மேசை மேல் குனிந்து, மேலாளரின் விரல்களுக்கிடையில் இருந்த பிஸ்கட்டைத் தன் வாயால் கவ்வி எடுத்துக்கொண்டார்.

அறையில் அவர் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

மேலாளர் தன் விரல்களைப் பார்த்தார். "பசியா?"

"ஆமா சார்."

"காலைல சாப்பிடலையா?"

"இல்ல சார்."

மேலாளரின் குரல் தழுதழுத்தது. "நம்ம ஆளுங்க பசியோட உழைக்கறது இத்தனை நாள் எனக்குத் தெரியாமப் போச்சே." இன்னொன்றை எடுத்து ஊட்டினார். துணை மேலாளர் தின்றார்.

"நானும் சாப்பிடல சார்" என்றார் மனிதவளத்துறை அம்மையார். கணக்காளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கழுத்தை நீட்டினார்.

இப்போது அங்கே எல்லாக் கூட்டமும் அப்படித்தான் தொடங்குகிறது, பதவி வரிசைப்படி. 'நேரடி ஊட்டல் முறை' என்று தலைமையகம் அதைப் பிற கிளைகளுக்கும் பரிந்துரைத்திருக்கிறது. முயல் மேசைக்கடியில் புல் தின்றுகொண்டு கொழுகொழுவென்று இருக்கிறது. குடல் இயக்க மேம்பாட்டுக் குழு தன் வெற்றியை விரிவான அறிக்கையாகச் சமர்ப்பித்துவிட்டுக் கலைந்தது. அந்த மாடி முழுவதிலும் மேலாளரிடம் 'இது வேண்டாம்' என்று தெரிவித்தது ஒரு முயலின் வயிறு மட்டும்தான். அறிக்கை அதைக் 'கோளாறு' என்று குறிப்பிடுகிறது. எழுதிக் கொடுத்தவர் துணை மேலாளர்.