கரிசல் கண்ட சக்கரபாணி

‘அங்கேயெல்லாம்’ என்று வாய் திறக்கும் ஓர் இனம் உண்டு. இந்த இனத்தார் எங்கே இருக்கிறார்களோ அங்கே இருப்பதில்லை. உடம்பு திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் நிற்கும்; பேச்சு மட்டும் பம்பாயிலோ பெங்களூரிலோ சுற்றிக்கொண்டிருக்கும். காற்று, காபி, கண்டக்டர் என்று எதைக் காட்டினாலும் “அங்கேயெல்லாம் இப்படியில்ல” என்பார்கள். நமக்குப் பழகிவிட்டது. ஆனால் காலடி மண்ணையே குறை சொன்னவரை நான் பார்த்தது ஒரு தடவைதான். அவர்தான் எங்கள் தெரு சக்கரபாணி.

மராட்டியத்தில் லாத்தூர் பக்கம் ஒரு மண் ஆய்வு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து, தொண்ணூற்றேழில் ஓய்வு பெற்று வந்தவர். எப்போதோ எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த கருங்கல் பூமி அது. கடல் அலை அப்படியே நின்றுபோனதுபோல மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் என்பார். மேட்டில் கல்லும் புல்லும், அங்கே ஆடு மாடு. சரிவில் மெலிந்த மண், அங்கே சோளமும் துவரையும். பள்ளத்தில் ஆள் ஆழத்துக்குக் கரிசல், அங்கே பருத்தியும் கோதுமையும். இதை அவர் சொல்லாத இடம் உண்டா? ரேஷன் கடை வரிசையில் சொன்னார். கல்யாணப் பந்தியில், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் சொன்னார். கிரிவலப் பாதையில் நின்று மலையை அண்ணாந்து பார்த்து, “அங்கேயெல்லாம் மலை உச்சி தட்டையா, மேஜ மாதிரி இருக்கும் சார்” என்றார். பக்கத்தில் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்த அம்மாள் பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பேச்சோடு நின்றிருந்தால் யாருக்கு நஷ்டம்?

அவருடைய தங்கை சரசுவைக் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் குமரேசனுக்குக் கொடுத்திருந்தார்கள். கிணறில்லாத செம்மண் கொல்லை, மேட்டு நிலம். மழையை நம்பி மல்லாட்டை போடுவார்கள். வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வது. அந்த வருஷம் ஆனிக் கடைசியில் நல்ல மழை. ஊரே விதைக்கக் கிளம்பியது. குமரேசனும் விதைப் பருப்பை எடுத்து வைத்தார். அப்போது பார்த்து மொபெட்டில் வந்து இறங்கினார் சக்கரபாணி.

“மாப்ள, எதுக்கு இந்த அவசரம்? அங்கேயெல்லாம் மழைக்காலத்துல நெலத்த சும்மா வுட்டுடுவாங்க. மண்ணு தண்ணிய குடிச்சி வெச்சிக்கும். மழையெல்லாம் ஓஞ்ச பின்னாடி வெதப்பாங்க. ஒரு சொட்டு தண்ணி பாய்ச்சாம சோளம் ஆள் ஒசரம் நிக்கும்!”

“அது கரிசல் மச்சான். இது செம்மண்ணு…”

“மண்ணுன்னா மண்ணுதான் மாப்ள. நாம கத்துக்கறதுதான் கம்மி.”

உள்ளேயிருந்து சரசு வந்தாள். “எங்கண்ணன் கை பட்டு ஒரு கத்திரிச்செடி முளைச்சது கெடையாது. நீங்க வெதைய எடுங்க.”

குமரேசன் எடுக்கவில்லை. “இத்தன வருஷம் கழிச்சி வந்திருக்காரு. மொதமொதல்ல சொல்றாரு, எப்படித் தட்டறது?” என்றார். நல்ல மனிதர்களுக்கு வரும் வியாதி இது.

அடுத்த வாரமே வெயில் பிடித்துக்கொண்டது. சுற்றிலும் மல்லாட்டை முளைத்துப் பச்சைக் கோடு போட்டிருக்க, நடுவில் குமரேசன் கொல்லை மட்டும் சிவப்பாக, மொட்டையாகக் கிடந்தது. ஏர் வைத்தால் கொழு துள்ளியது. தகவல் கேட்டு ஓடிவந்த சக்கரபாணி, வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்து, குடித்து வைத்த தண்ணீரைத் தேடி மண்ணைத் தோண்டினார். கொஞ்சம் தோண்டியதும் காய்ந்த மண். இன்னும் தோண்டியதும் சரளைக்கல். விரலில் ரத்தம் வந்தது. ஈரம் மட்டும் வரவில்லை.

“போதும்ணா, எழுந்திரு” என்றாள் சரசு. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் மெதுவாகச் சொன்னாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மொபெட்டைக் கிளப்பக்கூட மறந்து, அதைத் தள்ளிக்கொண்டே ரோடு வரைக்கும் நடந்தார்.

ஆடிக் கடைசியில் அடுத்த மழை வந்தது. இந்தத் தடவை முதல் ஆளாக வந்து, குனிந்து, ஏர் போன சால் பின்னால் விதை போட்டவர் சக்கரபாணிதான். ஆனால் காலம் தப்பிய பயிர். பிடுங்குகிற நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ள, பாதிக் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிட்டது. சரசு கம்மல் வாங்க நினைத்திருந்தாள். வாங்கவில்லை.

மார்கழிப் பௌர்ணமிக்குக் குமரேசனும் சக்கரபாணியும் நானும் கிரிவலம் போனோம். அடி அண்ணாமலை டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் ஓடிவந்து சக்கரபாணியைக் கட்டிக்கொண்டார். ராஜேந்திரன், வேலூர்க்காரர், லாத்தூரில் இவரோடு ஒரே அறையில் தங்கி வேலை பார்த்தவர்.

தங்கை வீட்டுக்காரர் என்று சக்கரபாணி அறிமுகம் செய்ததும், “உங்க மச்சானா இவரு?” என்று குமரேசனிடம் திரும்பினார். “அங்க எங்க உசுர எடுத்துட்டாருங்க! மழ பேஞ்சா போதும், ஜன்னலாண்ட நின்னுக்குவாரு. ‘இதெல்லாம் ஒரு மண்ணா? கால வெச்சா செருப்ப உருவுது. எங்க ஊரு செம்மண்ண பாரு, மழ பேஞ்ச மறுநாளே ஏர் கட்டி மல்லாட்டை போட்டுடலாம்’னு ஒரே பொலம்பல். வருஷா வருஷம் இதே பாட்டுதான்!”

சக்கரபாணி டீ கிளாசுக்குள் எதையோ தேடினார். குமரேசன் அவரைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கி, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “மச்சான், அடுத்த ஆனியில உங்கள லாத்தூருக்கே டிக்கெட் போட்டு அனுப்பிடறேன். அங்கேயிருந்து யோசன சொல்லுங்க. சரியா இருக்கும்.”

வாசகரே, சிரித்தது போதும். இப்போது எந்த ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்கள்? அந்த ஊர்த் தண்ணீர் எப்படி? வெயில்? இட்லி? பதில் சொல்ல அவசரம் வேண்டாம். ‘எங்க ஊர்லயெல்லாம்…’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டதே, அதை மட்டும் விழுங்கிவிட்டுச் சொல்லுங்கள், பார்ப்போம்.