ஹலீம் கடையில் விட்டு வந்த கறுப்புக் கட்டை

என்னிடம் விலை குறைக்காமல் தப்பிய வியாபாரி தெரணியகலையில் கிடையாது. அப்படிப்பட்ட நான் ஒரு சபதம் எடுத்தேன். என் மிஷின்களில் இனி என் மனைவி இருளாயி கை வைக்கக்கூடாது! கெடுவதெல்லாம் அவளால்தான்.

ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது என் தொழில். தோட்டத்துக் கோயில் தலைவர் திருவிழா அறிவிப்பைப் பேசிப் பதிய வந்துகொண்டிருக்கிறார். பதிவு நன்றாக வந்தால் திருவிழா முழுக்க என் குழாய்தான் பாடும். சொதப்பினால் பக்கத்து ஊர் குருவிட்டக்காரன் ஒருவன் தன் குழாய்களை ஏற்றிய லொறியோடு தயாராக நிற்கிறான்.

என் பழைய லேப்டொப்பில் உயிரோடு இருப்பது ஒரேயொரு யூஎஸ்பி ஓட்டை. அதைப் பலவாக்க ஒரு ஹப். ஹப்பில் மைக் பெட்டி, மவுஸ், குட்டி ஃபேன் எல்லாம் தொங்குகின்றன. "ஹலோ, ஹலோ" என்றால் இரண்டாவது ஹலோவில் மைக் பெட்டியின் விளக்கு அணைகிறது. பதிந்த குரலோ வாய் கொப்பளிப்பதுபோல் கேட்கிறது.

ஒயரை மாற்றினேன். லேப்டொப்பை அணைத்துப் போட்டேன். ஃபேனைப் பிடுங்கினேன். வியர்த்ததுதான் மிச்சம். ஹப்பைத் தமிழில் திட்டினேன், சிங்களத்தில் திட்டினேன். அதற்கு இரண்டு பாஷையும் தெரியவில்லை.

"என்னாங்க, அதுக்குக் கரண்டு பத்தலையோ?" விளக்குமாறும் கையுமாக இருளாயி.

"கரண்டெல்லாம் இருக்கு. ஒன் வாயிலதான் ஜாஸ்தி."

"செவத்துல சொருகுற கறுப்புக் கட்டை ஒண்ணு அந்த ஹப்போட குடுத்தாராமே, கடைக்கார ஹலீம் நானா?"

"குடுத்தாரு. அது வேணாம்னு சொல்லித்தானே வெலையைக் கொறச்சேன்!" நெஞ்சை நிமிர்த்தினேன். "கட்டையத் தலைக்கு வச்சிப் படுக்கவா?"

அவள் மேசைக்கடியில் புகுந்து கூட்டினாள். எழுந்து மேசையைத் துடைத்தாள், மவுஸையும் துடைத்தாள். நான் வாசலுக்கு ஓடித் தலைவர் வருகிறாரா என்று பார்த்தேன். திரும்பி வந்தேன். மறுபடி ஓடினேன்.

"நான் சரி பண்ணிட்டா என்னா தருவீங்க?"

பேரம்! எனக்கு ரத்தம் சூடேறியது.

"நீயே கேளு."

"திருவிழா அறிவிப்பெல்லாம் நான்தான் பேசுவேன். ஞாயித்துக்கிழமை சமையல் நீங்க."

"அறிவிப்பா? நடக்காது!"

"அப்ப சமையல் மட்டும்."

பாதியாகக் குறைத்துவிட்டேன், பார்த்தீர்களா!

"சரி, சமைக்கிறேன். நீ எங்க சரி பண்ணப்போற?"

"ஒரு ஞாயிறு சமைச்சிட்டு ஏமாத்துவீங்க," என்று துணியோடு மவுஸை ஒரு தட்டுத் தட்டினாள்.

"வருசம் முழுக்க நான்தான் சமைப்பேன்! அம்மன் மேல சத்தியம்!"

இருளாயி மவுஸை மறுபடி இரண்டு தட்டுத் தட்டினாள். லேப்டொப் பேசியது. வெட்டு இல்லை, கொப்பளிப்பு இல்லை. கோயில் மணி மாதிரி என் குரல்:

"வருசம் முழுக்க நான்தான் சமைப்பேன்! அம்மன் மேல சத்தியம்!"

குனிந்து பார்த்தேன். மேசைக்கடியில், சுவரில், கறுப்புக் கட்டை குந்தியிருந்தது.

"நேத்தே கொண்டாந்துட்டேன். ஒங்க ஊட்டுக்காரரு விட்டுட்டுப் போனது, சும்மா எடுத்துக்கங்கன்னாரு நானா."

"அழிச்சிரு இருளாயி!" பல்லைக் கடித்தேன். "தலைவர் வந்திரப்போறாரு!"

"வந்துட்டேன், வந்துட்டேன்," என்றார் வாசலில் நின்ற தலைவர். "என்னா தெளிவு! திருவிழா வேலை ஒங்களுக்குத்தான். வர்ற ஞாயித்துக்கிழமை கமிட்டிக்காரங்க எல்லாரும் ஒங்க ஊட்டுலயே சாப்பிட்டுக்கிறோம்."