மூன்று பெஞ்சுப் பூங்கா

"நாம ரெண்டு பேரும் தனியாப் பேசணும்னா எங்கே போறது?" என்று கல்யாணமான ஒன்பதாம் நாள் அவள் கேட்டாள்.

"எதுக்குப் போகணும்? இங்கேயே மெதுவாப் பேசு."

அவள் அவன் காதோடு வாயை வைத்து, "நாளைக்கு என்ன பண்ணலாம்?" என்றாள்.

"நாளைக்கு எனக்கு லீவு. நான் தூங்கப் போறேன்," என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவனுடைய அண்ணன் பதில் சொன்னார்.

இது நடந்து ஏழு வருஷம் ஆகிறது. குமாஸ்தாவுக்கு இன்று காலை திடீரென்று அது நினைவுக்கு வரக் காரணம், அவன் மேஜைமேல் கிடந்த சுற்றறிக்கை.

மாநகராட்சியில் பூங்காப் பிரிவில் அவனுக்கு வேலை. வீடு மூன்று அறை. அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அண்ணனின் இரண்டு பையன்கள், இவன், இவன் மனைவி, நாலரை வயது மகள் என்று ஒன்பது பேர். ஒருவர் தும்மினால் மூன்று அறையிலிருந்தும் விசாரிப்பார்கள். அதனால்தான் அந்த ஒன்பதாம் நாளுக்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் ஒரு இடம் கண்டுபிடித்தார்கள். கடைத்தெருவில் ஒரு வங்கிக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட பதினோராம் எண் பூங்கா. மூன்று பெஞ்சு, ஒரு மரம், தண்ணீர் வராத ஒரு குழாய். எதிரே இருந்த கண் மருத்துவமனையில் அவள் வரவேற்பாளர். மதியம் ஒன்று முதல் ஒன்றரை வரை நடு பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார்கள். அந்த அரைமணி நேரம்தான் அவர்கள் குடும்பம் நடத்துவது. மீதி இருபத்து மூன்றரை மணி நேரம் கூட்டம் நடத்துவது.

சுற்றறிக்கை சொன்னது இதுதான்: நகர மையத்தில் உள்ள பதினான்கு சிறு பூங்காக்களில் மிகக் குறைவாகப் பயன்படும் ஒன்றை மூடி, வண்டி நிறுத்துமிடமாக்கி, அதன் பராமரிப்பு நிதியைச் சாக்கடைப் பணிக்கு மாற்றலாமா என்று நிதிப் பிரிவு யோசிக்கிறது. ஐந்து நாள், மதியம் ஒன்று முதல் இரண்டு வரை, உட்காருவோரை எண்ண வேண்டும். மாநகராட்சி ஊழியர்களைச் சேர்க்கக் கூடாது.

பதினோராம் எண் பூங்காவை எண்ணும் பொறுப்பு இவனிடமே வந்தது.

முதல் நாள் மதியம் மனைவி அவன் தாளை எட்டிப் பார்த்தாள். "என்ன, 'ஒன்று'ன்னு போட்டிருக்கீங்க?"

"நீ."

"அப்ப நீங்க?"

"ஊழியரைச் சேர்க்கக் கூடாதாம்."

"அந்தப் பெஞ்சுல ஒருத்தர் இருக்காரே?"

"அவர் படுத்திருக்கார். 'உட்காருவோர்'னுதான் கட்டம் போட்டிருக்காங்க. படுக்கறவருக்குக் கட்டம் இல்ல."

"ஆக, ஏழு வருஷமா நான் இங்க தனியா உட்கார்ந்து பேசிட்டிருந்தேன்னு அரசாங்கத்துக்கு எழுதித் தரப்போறீங்க. நல்லா இருக்கு."

குமாஸ்தா மற்ற இடங்களுக்குப் போன் போட்டுக் கேட்டான். மற்ற பூங்காக்களில் ஐம்பது, அறுபது என்று போய்க்கொண்டிருந்தது.

"ஆளுங்கதானே வேணும்?" என்றாள் அவள். "எங்க ஆஸ்பத்திரியில சொட்டு மருந்து விட்டா முக்கால் மணி நேரம் கண்ணை மூடிட்டு உட்காரணும். ஹால்ல இடம் இல்லைன்னு டாக்டரே சலிச்சுக்கறார். நாளைக்கு இங்க அனுப்பிடறேன். நிழலா இருக்கு, காத்து வருது."

மறுநாள் பதினேழு பேர் வந்தார்கள். நர்ஸ் ஒருத்தி கையைப் பிடித்துக் கூட்டி வந்து, பெஞ்சிலும் மரத்தைச் சுற்றியிருந்த மேடையிலும் வரிசையாக உட்கார வைத்துவிட்டுப் போனாள். குமாஸ்தா நிம்மதியாகப் பதினேழு என்று எழுதிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு கார் நின்றது. நிதி அதிகாரி அம்மாள் நேரில் வந்துவிட்டார்.

அவர் வாசலிலேயே செருப்புச் சத்தம் கேட்காமல் நின்றார். பதினேழு பேர், கண்மூடி, அசையாமல். சிலர் கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"என்ன இது?" என்றார் மெல்லிய குரலில்.

குமாஸ்தாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பதிலையும் 'அது வந்து' என்றுதான் ஆரம்பிப்பான். அவன் ஆரம்பித்து முடிப்பதற்குள் எதிரே இருப்பவர்கள் முடித்துவிடுவார்கள்.

"அது வந்து மேடம்..."

"தியானம்! கடைத்தெரு நடுவுல! யார் சொல்லி இப்படி உட்கார்றாங்க?"

"அது வந்து, டாக்டர்..."

"டாக்டரே சொல்றாரா! அதோ, ஒருத்தர் அழறாரே?"

"கொஞ்சம் எரியும் மேடம். அப்புறம் சரியாயிடும்."

"எல்லாம் வெளியே வரட்டும்," என்றார் அதிகாரி. அவர் கண்ணும் லேசாகக் கலங்கியிருந்தது. "நான் காலையிலிருந்து சாக்கடைக் கோப்பையே பார்த்துட்டிருக்கேன். இந்த இடத்தைப் போய் மூடப் பார்த்தோமே."

குமாஸ்தா உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் கார் கிளம்பிவிட்டது.

குழாய்க்கு ஒரு வாஷர் போட நான்கு வருஷம் எடுத்துக்கொண்ட மாநகராட்சி, மூன்றே நாளில் போர்டு வைத்தது. 'அமைதிப் பூங்கா. பேசக் கூடாது.' கூடவே விசிலோடு ஒரு வாட்ச்மேன்.

"பூங்கா பிழைச்சுதா?" என்று மனைவி பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டாள்.

"பிழைச்சுது. ஆனா..."

வாட்ச்மேன் காதைப் பிளக்கும்படி விசில் ஊதினார். கண்மூடியிருந்தவர்களில் மூன்று பேர் பெஞ்சை விட்டுத் துள்ளினார்கள்.

அவள் கைப்பையிலிருந்து சீட்டு எடுத்து எழுதினாள்: 'நல்லாக் காப்பாத்தினீங்க. இப்ப எப்படிப் பேசறது?'

அவன் எழுதினான்: 'அது வந்து...'

அதைப் படித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி விசில்.

"சிரிக்கக் கூடாதுன்னு போர்டுல இல்லையே?" என்றாள் அவள்.

"சரி, சிரிப்புக்கு ஊதினது தப்புதாம்மா. இப்பப் பேசினீங்க பாருங்க, அதுக்கு," என்று சொல்லி வாட்ச்மேன் இன்னொரு தடவை ஊதினார்.

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில், நின்ற நிலையில், கணவனும் மனைவியும் அவசர ஆலோசனை நடத்தினார்கள். பொதுமக்கள் பெயரில் ஒரு மனு போடுவது என்று முடிவாயிற்று. 'கடைத்தெருவுக்கு வரும் குழந்தைகள் சிரித்து விளையாட இடமில்லை. பேசக் கூடாது என்ற விதியை நீக்க வேண்டும்.' கையெழுத்து தெரியாமலிருக்க அவள் இடது கையால் எழுதினாள். அவன் அதைத் தானே எடுத்துப்போய், தானே வரவு வைத்து, தானே மேலிடத்துக்கு அனுப்பினான்.

விதி நீங்கியது. அடுத்த வாரம் இரண்டு பெஞ்சைப் பெயர்த்துவிட்டு ஊஞ்சலும் சறுக்குமரமும் வைத்தார்கள். புதுப் போர்டு: 'சிறுவர் பூங்கா. குழந்தை இல்லாமல் வரும் பெரியவர்களுக்கு அனுமதி இல்லை.' கண் நோயாளிகள் பழையபடி ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்தார்கள்.

"குழந்தை எங்கே?" என்று வாட்ச்மேன் வழிமறித்தார்.

"வீட்ல இருக்கு."

"வீட்ல இருக்கற குழந்தைக்குப் பார்க் எதுக்கு சார்? கூட்டிட்டு வாங்க."

வேறு வழி? மறுநாளிலிருந்து மகள் வந்தாள். நர்சரி முடிந்ததும் அவளைக் கூட்டிவந்து ஊஞ்சலில் உட்கார வைத்துவிட்டு, மீதமிருந்த ஒற்றைப் பெஞ்சில் இவர்கள் பேசினார்கள். நாலு நாள் சுகமாகப் போயிற்று. ஐந்தாம் நாள் சாயங்காலம், வீடே சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"தாத்தா, அம்மாவும் அப்பாவும் தினமும் பார்க்ல ரகசியம் பேசறாங்க. எனக்குக் காது கேக்கக் கூடாதாம். வேகமா ஆடணுமாம்."

ஸ்பூன் ஒன்று விழுந்தது.

"எத்தனை நாளா?" என்றார் அண்ணன்.

"அது வந்து..."

"ஏழு வருஷமா," என்று மனைவியே சொல்லிவிட்டாள்.

"அடேங்கப்பா!" என்றாள் அண்ணி. "எனக்கு ஒரு வார்த்தை சொன்னியா? அடுத்த பெஞ்சுல நாங்க உட்கார்ந்திருக்க மாட்டோமா? உங்க அண்ணன் என்கிட்ட கடைசியா ரகசியம் பேசினது கரண்ட் போன அன்னிக்கு."

அப்பாதான் வெடித்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். இந்த ஊரின் ஒவ்வொரு தெருவையும் காலால் அளந்தவர். "பேசறதுக்குப் பெஞ்சா? ஊர் வரிப்பணத்துல? நம்ம தெருவுல சாக்கடை வாசப்படி ஏறுது. அதைக் கேக்க நாதியில்ல. வெள்ளிக்கிழமை பட்ஜெட்டுக்கு மக்கள் கருத்து கேக்கறாங்கல்ல? நான் போறேன். அந்தப் பார்க்கை மூடச் சொல்லப்போறேன்."

"அப்பா, அது வந்து..."

"வந்தது போதும். சாப்பிடு."

அம்மா மட்டும் யாருடைய தட்டில் என்ன குறைகிறது என்று பார்த்துப் பார்த்துப் பரிமாறிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவள் குரல் பெரும்பாலும் 'போதுமா?' என்ற ஒரே கேள்வியில் முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை மாநகராட்சி மண்டபத்துக்கு ஒன்பது பேரும் போனார்கள். தனித்தனியாகப் போகும் வழக்கம் அந்தக் குடும்பத்துக்கு இல்லை. குமாஸ்தா மட்டும் மேடை ஓரத்தில் கோப்புகளோடு நின்றான்.

நிதி அதிகாரி கோப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவர் முகத்திலும் குழப்பம்தான். "பதினோராம் எண் பூங்கா. முதல் நாள் ஒருத்தர். ரெண்டாம் நாள் பதினேழு பேர், தியானம். அடுத்த வாரம் தியானம் வேண்டாம், குழந்தைகள் வேணும்னு மனு. குழந்தைகள் கணக்கு: ஒண்ணு. இந்தப் பூங்கா யாருக்குத்தான் வேணும்? தயவுசெய்து யாராவது சொல்லுங்க."

அப்பா மைக்கைப் பிடித்தார். "யாருக்கும் வேண்டாம். முப்பது வருஷம் தபால் கொடுத்தவன் நான். எந்தச் சாக்கடைக்கு மூடி இல்லைன்னு என் கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். ரெண்டு தடவை விழுந்திருக்கேன். பார்க்கை மூடிட்டுச் சாக்கடையை மூடுங்க!"

மண்டபம் கைதட்டியது. குமாஸ்தாவுக்கே ஒரு கணம் தட்டலாம்போல இருந்தது. அப்பா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பூங்காவின் ஒரு வருஷச் செலவில் நாலு சாக்கடை மூடிகூட வாங்க முடியாது என்பதும் அவன் கையிலிருந்த கோப்பிலேயே இருந்தது. அதைச் சொல்ல ஒரு அடி முன்னால் வைத்தான்.

"மேடம், அது வந்து..."

"ஊழியர்கள் கருத்துச் சொல்லக் கூடாது," என்றார் அதிகாரி.

அவன் மனைவி எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. "எனக்கு வேணும் மேடம். நானும் என் வீட்டுக்காரரும் பேசறதுக்கு."

"வீட்ல பேசக் கூடாதாம்மா?"

"வீட்ல நாங்க பேசினா வீடே பதில் சொல்லுது மேடம்."

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். குமாஸ்தாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஏழு வருஷத்து அரைமணி நேரங்களெல்லாம் இந்தச் சிரிப்போடு போய்விட்டதென்றே நினைத்தான். அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார்.

அப்போது அம்மா எழுந்தாள்.

ஐந்து பேர் முழங்காலைத் தாண்டி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மைக்கிடம் போனாள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார், தன் பக்கத்துக்கு இன்னொரு ஓட்டு என்று. மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அங்க ஒரு தடவைக்கு எத்தனை பேர் உட்காரலாம்?" என்று அம்மா கேட்டாள்.

அதிகாரி குமாஸ்தாவைப் பார்த்தார். அவன், "அது வந்து," என்று ஆரம்பித்தான். இந்தத் தடவை யாரும் குறுக்கிடவில்லை. அதனால் அவனே முடிக்க வேண்டியதாயிற்று. "பெஞ்சுக்கு மூணு பேர். பழையபடி மூணு பெஞ்சும் போட்டா ஒன்பது பேர்."

"ஒன்பது வேண்டாம். ஏழு போதும்," என்றாள் அம்மா. திரும்பி, தன் குடும்பம் உட்கார்ந்திருந்த வரிசையையும் மேடை ஓரத்தில் நின்ற மகனையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு மைக்கை வாய்க்கு அருகில் இழுத்துக்கொண்டாள். "முப்பத்தெட்டு வருஷமா யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல. பார்க்கை மூடாதீங்கம்மா. தினமும் சாயங்காலம் இந்த ஏழு பேரையும் ஒரு மணி நேரம் அங்க உட்கார வெச்சுக்கோங்க. எனக்கு என் வீட்டுக்காரரோட தனியாக் கொஞ்சம் பேசணும்."