முன் சீட்டுக்கு மூண்ட சொற்போர்

ஆமத்தூர் ஈன்ற அருந்தவப் புதல்வியும், வெடிக்குத் திரி செருகுவதில் நிகரற்ற விரலினளும், வாய் திறந்தால் காரணங்களை வரிசை கட்டி நிறுத்தும் அறிவுச்சுடருமாகிய பொன்னுத்தங்கமே, வாழி நீ! பட்டாசுக் கம்பெனி வேனின் பின்பெஞ்சுகளில் பெண்டிர் நசுங்கிப் பிதுங்கிச் சென்ற அந்நாளில், டிரைவருக்கு அருகே காற்று வாங்கும் அந்த ஒற்றைச் சீட்டுக்காக நீ புரிந்த போரைப் பாடத் துணிந்தோம். எங்கள் நா குழறாதிருக்கட்டும்!

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, தீபாவளி சீசன் உச்சம். அச்சீட்டில் நெடுங்காலம் வீற்றிருந்த சுப்புலட்சுமி வேலையை விட்டு நின்றதும், அது அரசனை இழந்த அரியணையாயிற்று. உரிமை கோரி எழுந்தோர் இருவர். ஒருத்தி நம் தலைவி. மற்றொருத்தி, நினைத்த கணத்தில் கண்ணீர் வரவழைக்கும் வரம் பெற்ற முத்துப்பேச்சி. தினந்தோறும் வேன் வாசலில் இருவரும் மத யானைகளெனப் பொருத, வேலைக்கு நேரமாக, முதலாளி தனுஷ்கோடி ஆணை பிறப்பித்தார்:

"ஆயுத பூசைக்கு நாடகம் போடுறீகள்ல? அதுல யாரு பேச்சு சனத்தை மசிய வைக்குதோ, அவுகளுக்குத்தான் சீட்டு. அதுக்குமேல சண்டை கூடாது."

நாடகமோ பழந்துயர நாடகம். பகைவர் சூழ்ந்த கோட்டை. அடைத்த கதவுக்கு வெளியே வெட்டுண்டு குற்றுயிராய்க் கிடக்கிறான் இளவரசன். திறக்கலாகாது என்பார் அமைச்சர். திற என்பாள் தாயாகிய அரசி. கேட்ட மக்கள் முடிவு செய்யவேண்டும். அமைச்சராய்ப் பொன்னுத்தங்கமும் அரசியாய் முத்துப்பேச்சியும் வேடம் பூண்டனர்.

பூசை நாளும் வந்தது. விஸ்வநத்தம் பக்கத்துக் கம்பெனி முற்றத்தில், வாழைக்கன்று கட்டி மாலை சூடி மணமகன்போல் நின்ற வேனுக்கு எதிரே, தேங்காய் நார்த் தாடி காற்றில் பறக்க நம் தலைவி எழுந்தாள். முதலில் அவையைப் புகழ்ந்தாள். பின் வினாக்களைத் தொடுத்தாள்.

"நீங்கள்லாம் விவரமானவுக. ஒத்தை உசுரு பெருசா, ஊரு உசுரு பெருசா? கதவைத் தொறந்தா மொதல்ல உள்ள வாறது புள்ளையா, படையா?"

"படைதான்!" என்று முழங்கினர் மக்கள். தன் விடையைப் பிறர் வாயாலேயே பறித்தெடுக்கும் அந்தத் தந்திரத்தை என்னென்போம்! ஆயின் அந்தோ, மூன்று காரணங்களோடு நிறுத்தியிருக்கவேண்டியவள் ஒன்பது வரை போனாள். ஏழாவதில் பேக்கிங் பிரிவு வள்ளித்தாய் கொட்டாவி விட்டாள். கொட்டாவி காட்டுத்தீயெனப் பரவிற்று.

முத்துப்பேச்சியோ காரணம் ஒன்றும் கூறினாளில்லை. ஒரு சிறு சட்டையை எடுத்து மடியில் விரித்து, பித்தான்களை ஒவ்வொன்றாய்ப் போட்டாள். அதன்பின், அத்தனை பேரையும் விடுத்து வாட்ச்மேன் உக்கிரபாண்டி ஒருவரையே நோக்கினாள்.

"அண்ணே, வெளிய கெடக்கது ஒங்க மகன்னா, சாவியைக் கையில வச்சுக்கிட்டு இங்கன உக்காந்திருப்பீகளா?"

உடைந்தது அவை! அமைச்சர் எண்ணச் சொன்னார். அரசி எண்ண விடவில்லை. அழுகையொலி ஆனைக்குட்டம் அணையின் மதகு திறந்தாற்போல் பெருக, மீசை நனைந்த உக்கிரபாண்டி, "இந்தா வந்துட்டேன்யா!" என்று அலறியோடி, கம்பெனியின் மெய்யான இரும்புக் கதவை அகலத் திறந்துவிட்டார்.

வெளியே, வாழையிலை மணத்தை மோந்தபடி காலை முதல் முற்றுகையிட்டு நின்றன நாற்பது வெள்ளாடுகள். கடைக்கோடிக் குட்டி வரை உள்ளே பாய்ந்தது அப்பெரும்படை! பொரிகடலை சூறையாடப்பட்டது. வாழைக்கன்றுகள் களத்தில் வீழ்ந்தன. அமைச்சரின் தாடியிலேயே பாதி போயிற்று. படைத்தலைமை பூண்ட கருங்கிடாவோ, திறந்திருந்த வேனுக்குள் ஏறி, முன் சீட்டில் நான்கு காலும் ஊன்றி நின்று மாலையை மேய்ந்தது.

"நாஞ் சொல்லல? தொறந்தா படைதான் வரும்னு!" என்று ஆர்த்தாள் பொன்னுத்தங்கம்.

"சனம் அழுது தொறந்துச்சுல்ல? அப்ப ஜெயிச்சது நாந்தான்!" என்று எதிர்முழக்கமிட்டாள் முத்துப்பேச்சி.

ஒருத்தி சொல் மக்களை வென்றது. மற்றொருத்தி சொல் மெய்யாயிற்று. எவள் வென்றாளென உரைக்க, துலாக்கோல் ஏந்திய அறக்கடவுளெனத் தனுஷ்கோடி எழுந்து, வேனை நெருங்கி, சீட்டை உற்று நோக்கி, மூக்கைப் பொத்தினார்.

கிடா மூத்திரம் பெய்துவிட்டதால் அந்தச் சீட்டில் ஒரு வாரத்துக்கு யாரும் உட்காரவில்லை.