காணி வேண்டாம் என்கிற படிவம்

பசறை,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் வடிவேல் அவர்களின் சமூகத்திற்கு,

தங்கள் தங்கை கனகமும் அடியேனும் இடுப்பு, முழங்கால் நீங்கலாக மற்ற சகல உறுப்புகளிலும் நலம். தாங்களும் வத்தளையில், மகள் சுதர்சினி வீட்டு மூன்றாம் மாடியில், அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறோம். மரியாதை இத்துடன் போதும் மச்சான். இதற்கு மேல் 'தாங்கள்' என்று எழுதினால், யாருக்கோ வந்த கடிதம் என்று தபால்காரனிடம் திருப்பிக் கொடுத்துவிடுவாய்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் போனில் நீ சொன்னாய்: "பாக்கியலெட்சுமியே கண்ண மூடிட்டா, பொண்டாட்டி இல்லாத எனக்கு எதுக்குடா வீடு? காணி வேணாம்னு எழுதிக் குடுக்குற பேப்பர அனுப்பி வை, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." சொல்லிவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். ஆகவே அந்தப் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் புள்ளடி போட்ட இடத்தில் கையெழுத்திட்டு அனுப்பவும். உன்னை வா என்று கூப்பிடுவதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அப்படி ஒரு நினைப்பு இருந்தால் விட்டுவிடு.

இருந்தாலும், எதை வேண்டாம் என்கிறாய் என்று தெரிந்துகொண்டு வேண்டாம் என்று சொல். நம் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பத்துக் குடும்பத்துக்கும் ஆளுக்கு ஏழு பேர்ச் காணி கிடைத்ததும், வீடு கட்ட ஒரு தொண்டர் கூட்டம் முன்வந்ததும் நீ இருக்கும்போதே நடந்தவை. நீ போன பிறகுதான் வேலை தொடங்கியது. சனி, ஞாயிறு ஆனால் கம்பஸில் படிக்கும் பிள்ளைகளும், பசறையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஹபீஸ் நானாவும் வந்து கலவை குழைத்துவிட்டு, கூலி வாங்காமல் ரொட்டியும் சம்பலும் தின்றுவிட்டுப் போவார்கள். ஒரே ஒரு நிபந்தனை, வீடு பெறும் ஒவ்வொரு குடும்பமும் மற்றவர்கள் வீட்டில் முப்பது நாள் வேலை செய்ய வேண்டும். எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்க ஜிப்னா மிஸ் என்று ஒரு பெண், இஞ்சினியர். குரல் உயராது, ஆனால் பெரிய துரைக்குப் பயப்படாத நான் அந்தப் பிள்ளைக்குப் பயப்படுகிறேன்.

முதல் நாள் மிஸ் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. "நீங்க அத்திவாரத்துக்குக் கயித்தக் கட்டி வைங்க, நான் மத்தியானத்துக்குள்ள வந்துர்றேன்" என்று போனில் சொன்னார். தேயிலைச் செடியை மட்டம் பார்த்துக் கவ்வாத்து வெட்டிய கண்ணுக்கு அளவு தப்பாது என்று நான்தான் தலைமை தாங்கினேன். முளை அடித்தோம், கயிறு இழுத்தோம், பத்து வீட்டையும் குறித்து முடித்து, முன்னால் நின்று பார்த்துப் பெருமைப்பட்டோம். மிஸ் வந்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தார். திரும்பி வந்தார்.

"ஐயா, ஏன் எல்லா வீடும் ஒட்டிக்கிட்டு இருக்கு?"

"வரிசையா இருக்கட்டும்னு போட்டோங்க மிஸ். ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும்."

"இது லயமில்லையா ஐயா?"

அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். வீட்டுக்கு வீடு ஒரே சுவர், ஒரே நீட்டம், பத்துக் கதவும் ஒரே பக்கம். முன்னால் பொதுவாக ஒரு நீள இஸ்தோப்புத் திண்ணைக்குக்கூட இடம் விட்டிருந்தோம். ஹபீஸ் நானா சீமெந்து மூட்டை மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். வெள்ளைக்காரன் நம்மை அடைக்கக் கட்டிய லயத்தைப் பரம்பரை பரம்பரையாகத் திட்டிவிட்டு, கையில் கயிறும் சொந்தக் காணியும் கிடைத்ததும் அதையே கட்டப் போயிருக்கிறோம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கயிறு எல்லாவற்றையும் அவிழ்த்து, நாலு பக்கமும் இடம் விட்டு மறுபடி கட்டினோம்.

அதோடு புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் வீடு எழும்பும்போது, அடுப்படிச் சுவரில், உன் காணிப் பக்கமாக, ஒரு கல் வைக்கிற இடத்தைச் சும்மா விட்டுவிட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும். லயத்தில் என் காம்பராவுக்கும் உன் காம்பராவுக்கும் நடுவே, அடுப்புக்கு மேலே, ஒரு கல் விழுந்த ஓட்டை. அது வழியாகத் தணல் போகும், உப்பு வரும், கருவாட்டுக் குழம்பு போனால் அதே கிண்ணத்தில் பலாக்கொட்டைப் பொரியல் வரும். அந்த ஆட்டுக்குட்டி விவகாரத்தில் நாம் ஒன்றரை வருஷம் முகம் பார்க்காமல் இருந்தோமே, அப்போதும் கனகமும் பாக்கியலெட்சுமியும் அந்த ஓட்டையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். கோபத்தில் இருந்த நாம் இருவரும் அதைச் சாப்பிட்டுக்கொண்டும் இருந்தோம்.

வீடு முடிந்து, கடைசிப் பரிசோதனைக்கு மிஸ் வந்தார். இதில் கையெழுத்து விழுந்தால்தான் வீட்டுப் பத்திரம்.

"இது என்ன ஓட்டை?"

"காத்துக்குங்க மிஸ்."

"ஜன்னல் இருக்கே."

நான் அடுத்த பொய்யைத் தேடுவதற்குள் கனகம் சொல்லிவிட்டாள். "எங்க அண்ணனுக்குங்க."

"அண்ணன் எங்க இருக்காரு?"

"வத்தளையில."

மிஸ் ஓட்டையில் எட்டிப் பார்த்தார். உன் காணியில் அத்திவாரமும் மானாப்புல்லும்தான் தெரிந்தன. கையிலிருந்த பேனாவை மூடினார். பிறகு, ஓட்டையை அடைக்காவிட்டால் கையெழுத்துப் போட முடியாது என்றார். நான் அடைத்துவிட்டேன். கையெழுத்தும் விழுந்தது. ஓட்டைக் கதை அத்தோடு முடிந்தது.

வீடு நன்றாக இருக்கிறது மச்சான். கூரை ஒழுகுவதில்லை. கனகம் பழக்க தோஷத்தில் மழை வந்தால் வாளியை எடுத்து வைத்துவிட்டு, அது நிறையவில்லை என்று எட்டி எட்டிப் பார்க்கிறாள். லயத்தில் நீ இருமினால் நான் முதுகைத் தடவிக்கொள்வேன், அவ்வளவு மெல்லிய சுவர். விடியற்காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு முன்னால் நீ இரண்டு தட்டுத் தட்டுவாய், நான் ஒரு தட்டுத் தட்டுவேன். முப்பத்தெட்டு வருஷம். அந்தப் புகையும் மூட்டைப் பூச்சியும் திரும்பி வர வேண்டாம், சத்தியமாக வேண்டாம். ஆனால் பென்ஷன்காரனுக்குப் பெரட்டு ஏது, இன்றும் அதே நேரத்துக்கு விழித்துவிடுகிறேன். படுத்தபடியே காது கொடுத்துக்கொண்டு கிடக்கிறேன். யாரும் தட்டுவதில்லை. எனக்கு அது பெரிய துக்கமாக இருக்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

போகட்டும். இந்த மாதம் முடிவதற்குள் நீ நேரில் வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் படிவம் போக வேண்டும். படிவம் போனால் காணி பட்டியலில் அடுத்த ஆளுக்கு. அது ஸ்டோர் புவனேந்திரன். தங்கமான மனுஷன். காலையும் மாலையும் ஆர்மோனியம் வாசிப்பார், இன்னும் பழகி முடியவில்லை. எனக்குக் கஷ்டம்தான், ஆனால் என்னை நினைத்து நீ மனதை மாற்றிக்கொள்ளாதே. நீ அங்கேயே சுகமாக இரு.

சுதர்சினிக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள். லிப்டில் தனியாக ஏறாதே. மேட்டு மாரியம்மன் உன்னைக் காப்பாற்றட்டும், அவளுக்கும் உன்னை விட்டால் இங்கே சண்டை பிடிக்க ஆளில்லை.

இப்படிக்கு,
உன் அன்பு மச்சான்
கவ்வாத்து சிவஞானம்

பி.கு.: கவரில் படிவம் இல்லை, தேடாதே. அதைச் சுருட்டி அடுப்படிச் சுவர் ஓட்டையில் வைத்திருக்கிறேன். அடைத்தேன் என்று மேலே எழுதியது, கல்லைச் சும்மா செருகியதைத்தான். மறுபடி பார்க்க வந்த மிஸ் விரலால் தட்டினார், கல் ஆடியது. "சீமெந்து இன்னும் காயல போல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். உன் பங்குக்கான முப்பது நாள் வேலையும் முடிந்துவிட்டது. யார் செய்தது என்று என் இடுப்பைக் கேள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தே தீருவேன் என்றால் வந்து படிவத்தை எடுத்துக்கொள். இந்தப் பக்கமிருந்து அடுப்புக்கு மேலாகக் குனிந்து என்னால் எடுக்க முடியாது. நீதான் உன் காணிப் பக்கமாக வந்து கல்லை உருவ வேண்டும். உருவுவதற்கு முன் சுவரில் இரண்டு தட்டுத் தட்டு. கனகம் உள்ளே அடுப்படியில்தான் இருப்பாள்.