சுவருக்கு அந்தப் பக்கத்து முகவரிகள்

மதிப்பிற்குரிய சிமியு அண்ணாவுக்கு,

கிட்டாலே விடுதியிலிருந்து தங்கை நலியாகா பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் என் இருமலும் நலம். நைரோபியில் நீங்களும் உங்கள் கணினிகளும் விழாமல் நிற்க வேண்டுகிறேன். போர்வைக்குள் டார்ச் பிடித்து எழுதுவதால் வரிகள் மேலே ஏறும், பொறுத்தருள்க. கடிதம் பாதியில் நின்றால் மேட்ரன் வந்துவிட்டார் என்று அறிக.

அண்ணா, வரும் வெள்ளிக்கிழமை மதியம் மொராவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பக்கத்துக் கட்டில்காரி, என் ஒரே தோழி. "படிச்சது போதும், தேயிலை பறிக்க வா"ன்னு சொல்ல அவள் அப்பா காத்திருக்கிறார். போனால் திரும்ப மாட்டாள்.

நடந்தது இதுதான். கணினி மன்றத்துப் பெரிய இயந்திரத்துக்குள் லகாத் சார் இன்னொரு இயந்திரத்தைக் குடிவைத்திருக்கிறார். அதற்கு உடம்பு கிடையாது, விருந்தாளி. அறிவியல் போட்டிக்கான எங்கள் வானிலை நிலையம் அதற்குள்தான் ஓடுகிறது. நீங்கள் அனுப்பிய நிரல் வெப்பமானியைப் படிக்கும் (குறையே இல்லாதது அது ஒன்றுதான்), என்னுடையது கணக்குப் போடும், மொராவுடையது படம் வரையும். திங்கட்கிழமை விருந்தாளி, மற்ற நிரல்களை எல்லாம் மேய்க்கும் கெர்னலோடு சுருண்டு விழுந்தது. அதன் நினைவகம் முழுவதையும் வெளி இயந்திரம் ஒரு கோப்பில் கொட்டி வைத்தது. சார் அதைத் திறந்து, கவிழ்த்த நிரலின் பெயர் இருக்க வேண்டிய முகவரி எண்ணுக்குப் போனால், அங்கே பாட்டு! 'மேட்ரன் நடந்தால் எல்கன் மலை நகரும்.' மொரா விளையாட்டாக அதே இயந்திரத்தில் எழுதி வைத்தது.

"யாரும்மா இந்தப் புலவர்?"

"பாட்டு என்னுதுதான் சார். பாட்டுக்கெல்லாம் மெஷின் சாகுமா?"

"மெஷின் செத்த இடத்துல உன் பாட்டு என்னம்மா பண்ணுது? பெட்டியக் கட்டு."

எனக்கு உறுத்தியது அண்ணா. விருந்தாளி சொல்லும் முகவரி நிஜ முகவரி இல்லையே. முதலில் அதன் அட்டவணையில் தேடி, தன் நினைவகம் என்று அது நம்பும் இடத்தைக் கண்டுபிடிக்கணும். அப்புறம் அந்த இடம் கோப்பில் எங்கே என்று பார்க்கணும். சின்ன எண் முகவரிகள் எல்லாம் ஒழுங்காக வந்தன. பெரிய எண்களில் உளறல், பாட்டு கிடைத்ததும் அங்கேதான். சொன்னேன், சார் காதில் வாங்கவில்லை. "கீழ சரின்னா மேலயும் சரிதாம்மா."

இன்று மாலை வேறு கூத்து. எங்கள் விடுதியில் நடுக்கட்டில்களை எடுத்துச் சுவர் வைத்து ஸ்டோர் ஆக்கினார்கள், மற்ற கட்டில்களின் எண்ணை யாரும் மாற்றவில்லை. ஸ்வெட்டரில் கட்டில் எண் தைத்திருக்கும்; துவைத்து வந்தவற்றைப் புது மேட்ரன் கட்டிலில் எழுதிய எண்ணைப் பார்க்காமல், ஒன்று இரண்டு என்று கட்டிலை எண்ணிக்கொண்டே போட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் சரி. அந்தப் பக்கம் ஒவ்வொருத்திக்கும் இன்னொருத்தி ஸ்வெட்டர். எனக்கு வந்ததில் ரெண்டு நலியாகா நுழையலாம்.

"மேட்ரன், இது என்னுது இல்ல."

"முதல் கட்டில் பொண்ணு வாயத் திறக்கல, உனக்கு மட்டும் எப்படித் தப்பும்?"

அப்போதிருந்து தூக்கம் போச்சு. விருந்தாளிக்குள்ளும் ஒரு ஸ்டோர் ரூம் இருந்தால்? கருவிகளுக்கென்று ஒதுக்கிய இடம். எண் இருக்கும், நினைவகம் இருக்காது. கோப்பில் அந்த இடத்தை விட்டுவிட்டு மீதியை நெருக்கி எழுதியிருந்தால் அதற்கு மேலே எல்லாமே நகர்ந்திருக்குமே! ஆனால் இதை சாரிடம் நான் எப்படிச் சொல்வேன்? நீங்க வந்து சொன்னா நம்புவார். உடனே வாங்க.

அம்மாவுக்கு அன்பு. உங்கள் நிரல்கள் பல்லாண்டு பிழையின்றி ஓடட்டும்.

பயத்துடன்,
நலியாகா

பி.கு.: விடிந்துவிட்டது. பயந்துகொண்டே ஆய்வகத்துக்குப் போய், இல்லாத இடத்தின் அளவை முகவரியிலிருந்து கழித்துப் பார்த்தேன். பின்னால் நின்ற சார் தானும் ஒருமுறை கழித்துப் பார்த்தார். அப்புறம் மொராவிடம், "பெட்டியப் பிரிச்சு வை. அந்தப் பாட்ட மட்டும் அழிச்சுடு" என்றார். அந்த இடத்தில் இருந்த பெயர் உன் நிரலுடையது அண்ணா. எங்கள் பள்ளியில் தப்பு செய்தவர் பெற்றோரோடு வந்து நிற்க வேண்டும் என்பது சட்டமாம். அதனால வா, ஆனா அம்மாவையும் கூட்டிட்டு வா.